சி.எஸ்.என்.ஒய்.: இரண்டு தட்டு போதுமா, மற்றதையும் தேடணுமா?

ஊசிமுனை எழுதியது:

வணக்கம் மக்களே. நான் பாடகர் நீல் யங் வழியாக இந்தப் பக்கம் வந்தவன். இரண்டு மாதமாக க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் என்ற ராக் பாடகர் கூட்டணி (சி.எஸ்.என்.ஒய்.) போட்டதையெல்லாம் வெளிவந்த வரிசையிலேயே கேட்டு முடித்தேன். 1969 மே மாதம் மூவர் மட்டும் போட்ட முதல் தட்டு. 1970 மார்ச்சில் யங்கும் சேர்ந்த 'டேஜா வூ'. 1971இல் '4 வே ஸ்ட்ரீட்' கச்சேரிப் பதிவு. 1974இல் 'சோ ஃபார்' தொகுப்பு. அப்புறம் 1977, 1982, 1988, 1990, 1994, 1999 என்று நீண்டுகொண்டே போகிறது.

இத்தனை வருடத்தில் நால்வர் பெயரும் போட்டு வந்த ஸ்டுடியோ தட்டு எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று. 'டேஜா வூ', 1988இன் 'அமெரிக்கன் ட்ரீம்', 1999இன் 'லுக்கிங் ஃபார்வர்டு'. பைர்ட்ஸ், பஃபலோ ஸ்ப்ரிங்ஃபீல்டு, ஹாலிஸ் என்று மூன்று பெரிய குழுக்களிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து முப்பது வருடத்தில் மூன்று தட்டு!

என் தீர்ப்பு இதுதான்: முதல் இரண்டு தட்டு, கூடவே 'ஒஹையோ' 45 (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்னத் தட்டு). மீதியெல்லாம் அலமாரிக்குப் பாரம். மறுப்பவர்கள் வரலாம்.

மாடிவீட்டு ரிக்கார்டு எழுதியது:

'அமெரிக்கன் ட்ரீம்' விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். க்ராஸ்பி போதையை விட்டு வந்தால் மறுபடி சேர்ந்து பாடுகிறேன் என்று யங் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் டெக்சஸ் சிறையில் இருந்துவிட்டுத் தெளிந்து வந்தார், இவரும் சொன்னபடி தன் பண்ணையிலேயே ஒலிப்பதிவு செய்தார். வாக்கைக் காப்பாற்றியது பெரிய விஷயம். ஆனால் தட்டைப் போட்டால் 80களின் சின்தசைசர் சத்தம் காதை அடைக்கிறது. 14 பாட்டு. அதில் க்ராஸ்பியின் 'கம்பஸ்' ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

டெனர் தாஸ் எழுதியது:

ஊசிமுனை தம்பி, யங் வழியாக வந்தேன் என்று சொன்னீர்களே, கோளாறு அங்கேதான். யங்கை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் இந்தக் குழு எப்போதும் பாதிதான் காதில் விழும்.

நான் நாகர்கோவில் பக்கம் சர்ச் கொயரில் பதினெட்டு வருடம் டெனர் பாடியவன். உள்குரல், அதாவது மேல்குரலுக்கும் கீழ்க்குரலுக்கும் நடுவில் பாடுகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: நன்றாகப் பாடினால் ஒருவருக்கும் கேட்காது, தப்பினால் எல்லாருக்கும் கேட்கும். இந்த மூவரில் நாஷ் மேல்குரல். இங்கிலாந்துக்காரர், ஹாலிஸில் பாடிப் பாடி உச்சத்தில் கத்தி மாதிரி நிற்பவர். ஸ்டில்ஸ் பெரும்பாலும் கீழே, லேசான கரகரப்போடு. இருவருக்கும் நடுவில் க்ராஸ்பி. அவர் பாடுவது பல இடங்களில் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு மெட்டாகவே தெரியாது. ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டிருப்பார், திடீரென்று எதிர்பாராத பக்கம் அரைப்படி நகர்வார். அந்த ஒரு நகர்வில்தான் மற்ற இருவர் பாடுவதற்கே அர்த்தம் மாறும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒன்று செய்யுங்கள். 1968 ஏப்ரலில் பாடகி ஜூடி காலின்ஸின் ஒலிப்பதிவு முடிந்ததும் ஸ்டில்ஸ் அங்கேயே பொறியாளருக்குக் காசு கொடுத்து டேப்பை ஓடவிட்டுத் தன் புதுப்பாட்டுகளைத் தனியாகப் பாடி வைத்தார். 2007இல்தான் 'ஜஸ்ட் ரோல் டேப்' என்ற பெயரில் அது வெளிவந்தது. அதில் 'ஹெல்ப்லெஸ்லி ஹோப்பிங்' இருக்கிறது, 'சூட்: ஜூடி ப்ளூ ஐஸ்' இருக்கிறது. முதலில் அந்த ஒற்றைக் குரலைக் கேளுங்கள். நல்ல பாட்டுதான், ஒரு குறையும் இல்லை. உடனே 1969 தட்டில் அதே பாட்டைப் போடுங்கள். அந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் க்ராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்.

இதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் உங்கள் பட்டியல் தலைகீழாக மாறும். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இப்போது பேரன் மடியில் ஏறிவிட்டான்.

கீழவீதி அக்கா எழுதியது:

தாஸ் அண்ணன் 'ஹெல்ப்லெஸ்லி ஹோப்பிங்' என்று ஆரம்பித்ததால் சொல்கிறேன். கல்லூரியில் கேசட்டில் கேட்டபோது எனக்கு அதில் பிடித்ததே மோனை. ஒரு வரி 'ஹ'வில் ஓடும், இன்னொரு வரி 'வ'வில் ஓடும். எங்கள் தமிழ் அம்மா முற்றுமோனைக்கு உதாரணம் கேட்டபோது இதைச் சொல்லலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பார்.

வின்னிபெக் குளிர் எழுதியது:

ஊசிமுனைக்கு இன்னொரு கசப்பு மருந்து. 'டேஜா வூ' தட்டில் இருப்பது பத்துப் பாட்டு. அதில் நீல் யங் எத்தனையில் இருக்கிறார் தெரியுமா? ஐந்து. 'ஆல்மோஸ்ட் கட் மை ஹேர்', 'ஹெல்ப்லெஸ்', 'வுட்ஸ்டாக்', 'கன்ட்ரி கேர்ள்', கடைசியில் 'எவ்ரிபடி ஐ லவ் யூ'. 'கேரி ஆன்' மூவருடையது. 'டீச் யுவர் சில்ட்ரன்', 'அவர் ஹவுஸ்', தலைப்புப் பாட்டு எதிலும் அவர் கிடையாது. 'ஃபோர் ப்ளஸ் ட்வென்டி' ஸ்டில்ஸும் கிடாரும் மட்டும்.

'டீச் யுவர் சில்ட்ரன்' பாட்டில் வழுக்கி வழுக்கிப் போகிற அந்தப் பெடல் ஸ்டீல் கிடார் யங் வாசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது க்ரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா. தலைப்புப் பாட்டில் மவுத் ஆர்கன் ஜான் செபாஸ்டியன். யங் ஊரிலேயே இல்லாத மாதிரி ஒரு தட்டு, அட்டையில் மட்டும் கம்பீரமாக நிற்கிறார்.

ஊசிமுனை எழுதியது:

அடப்பாவமே. அந்தப் பெடல் ஸ்டீலை யங் என்று நினைத்து நான் நாலு பேரிடம் சிலாகித்திருக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே மானம் போய்விட்டது. சரி, தொடருங்கள்.

கம்பி முறுக்கி எழுதியது:

குரலையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி, கிடாருக்கும் ஒரு வார்த்தை. ஸ்டில்ஸ் 'சூட்' பாட்டுக்குக் கிடாரை வழக்கமான முறையில் சுருதி கூட்டவில்லை. கீழ்க்கம்பியிலிருந்து மேலே ஈ-ஈ-ஈ-ஈ-பி-ஈ. ஆறில் ஐந்து கம்பி ஒரே ஸ்வரம், மிச்சம் ஒன்று அதற்குப் பஞ்சமம். நம் கணக்கில் சொன்னால் ஸ-ஸ-ஸ-ஸ-ப-ஸ. தம்பூராவைத் தூக்கிக் கிடாருக்குள் வைத்த மாதிரி. அதனால்தான் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடி, நாலு துண்டாக மாறி, கடைசியில் க்யூபாவைப் பற்றி ஸ்பானிய மொழியில் வந்து முடிகிற அந்தப் பாட்டு, எங்கேயும் அறுந்து விழாமல் ஒரே ஊரில் நடக்கிற மாதிரி இருக்கிறது. ஆதார சுருதி கூடவே வருகிறது, வேறொன்றுமில்லை.

சாதாரணக் கிடாரில் இப்படிக் கூட்டும்போது ஜாக்கிரதை. ஐந்தாவது, நாலாவது, மூன்றாவது கம்பிகள் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று பார்த்துச் செய்யுங்கள். நான் மூன்றாவதைக் கீழே இறக்காமல் மேலே முறுக்கினேன். டப்பென்று அறுந்து கன்னத்தில் ஒரு கோடு போட்டது.

க்ராஸ்பிக்கு வேறு பைத்தியம்: ஈ-பி-டி-ஜி-ஏ-டி. 'க்வினெவியர்', 'டேஜா வூ' இரண்டும் இதில்தான். கையை எங்கே வைத்தாலும் புதிதாக ஒரு கார்டு (ஸ்வரக் கூட்டு) விழும், பெயர் வைக்க முடியாது. தாஸ் அண்ணன் சொன்ன அந்த நடுக்குரல் நகர்வுகூட இந்தக் கம்பிகளில் பழகி வந்த காதுதானோ என்று எனக்கு ஒரு எண்ணம். 'க்வினெவியர்' பாட்டை ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸே எடுத்து ஒலிப்பதிவு செய்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை மணி எழுதியது:

என் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்கள். போன வருடம் ஒரு பழைய ரிக்கார்டு வியாபாரி 'அபூர்வமான தட்டு சார், பாடகி ஜோனி மிட்செல் வரைந்த அட்டை' என்று ஆசை காட்டி 'சோ ஃபார்' ஒன்றை என் தலையில் கட்டினார். கொடுத்த விலையைச் சொன்னால் வீட்டில் குடியிருக்க முடியாது. வந்து போட்டுப் பார்த்தால் பதினொரு பாட்டில் ஒன்பது ஏற்கெனவே என்னிடம் இருக்கிற இரண்டு தட்டிலிருந்து. கையில் இருந்ததே இரண்டு ஸ்டுடியோ தட்டுதான், அதற்கு எதற்கய்யா ஒரு 'பெஸ்ட் ஆஃப்'?

மாடிவீட்டு ரிக்கார்டு எழுதியது:

மணி சார், அந்த மிச்சம் இரண்டு பாட்டுதான் உங்கள் காசு. 'ஒஹையோ'வும் அதன் மறுபக்கம் இருந்த 'ஃபைண்ட் த காஸ்ட் ஆஃப் ஃப்ரீடம்' பாட்டும். 1970இல் அவை 45ஆக மட்டும்தான் வந்தன. ஸ்டுடியோவில் பாடிய வடிவம் எல்பியில் ஏறியது முதன்முதலாக 'சோ ஃபார்' தட்டில்தான். '4 வே ஸ்ட்ரீட்' தட்டில் இருப்பது மேடைப் பதிவு. ஆகவே 45 கிடைக்காதவனுக்கு அது தேவைதான். 1974இல் கம்பெனிக்கும் ஒரு தேவை இருந்தது: நால்வரும் ஸ்டேடியம் ஸ்டேடியமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், விற்கப் புதுத் தட்டு இல்லை. பழசைத் தொகுத்துப் போட்டார்கள், அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் போனது! உங்களை மாதிரி லட்சக்கணக்கான பேர் வாங்கியிருக்கிறார்கள், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

வின்னிபெக் குளிர் எழுதியது:

'ஒஹையோ' பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேசலாம், ஊசிமுனை அதை மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறார்.

1970 மே 4. ஒஹையோவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். கம்போடியாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்ததை எதிர்த்து மாணவர்கள் கூடுகிறார்கள், நேஷனல் கார்டு சிப்பாய்கள் சுடுகிறார்கள். நான்கு பேர் சாவு, ஒன்பது பேருக்குக் காயம். 'லைஃப்' பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு யங் எழுதிய பாட்டு இது. மே 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ரிக்கார்டு ப்ளான்ட் ஸ்டுடியோவில் எல்லாரும் ஒரே அறையில் நின்று வாசித்துப் பாடி முடித்தார்கள். அதே உட்காரலில் மறுபக்கத்துப் பாட்டும் முடிந்தது. ஜூனில் கடைக்கு வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, 'டேஜா வூ' எப்படி நடந்தது என்பதை இதோடு வைத்துப் பார்ப்பது. 1969 ஜூலையிலிருந்து 1970 ஜனவரி வரை இழுத்தது அது. ஒருவர் பாடிவிட்டுப் போவார், இன்னொருவர் வந்து மேலே பாடுவார். நடுவில் செப்டம்பர் 30 அன்று க்ராஸ்பியின் காதலி கிறிஸ்டீன் ஹிண்டன் கார் விபத்தில் இறந்துபோனார். மனிதர் ஸ்டுடியோவுக்கு வந்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. நாஷும் ஜோனி மிட்செலும் பிரிகிற நேரம். ஸ்டில்ஸும் ஜூடி காலின்ஸும் பிரிந்தாயிற்று. அந்தத் தட்டு முழுக்க ஒரு பாட்டு ஒரு வீட்டில், இன்னொன்று இன்னொரு வீட்டில் நடக்கிற மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான். அதில் நேரடியாகச் சேர்ந்து வாசித்தது என்று உடனே தெரிவது 'ஆல்மோஸ்ட் கட் மை ஹேர்'. க்ராஸ்பி தொண்டை கிழியக் கத்துகிறார், ஸ்டில்ஸும் யங்கும் இரண்டு பக்கமும் நின்று கிடாரில் மல்லுக்கட்டுகிறார்கள். ஒத்திசைவுக்குப் பெயர்போன குழு, இந்தப் பாட்டில் ஒருவர்கூடச் சேர்ந்து பாடவில்லை.

'ஒஹையோ'வில் மட்டும்தான் நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பற்றிக் கோபப்பட்டார்கள். கடைசியில் பாட்டு தேய்ந்துகொண்டே போகும்போது பின்னால் க்ராஸ்பி தனியாகக் கத்துவது கேட்கும். ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். அப்போது 'டீச் யுவர் சில்ட்ரன்' பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது. சொந்தப் பாட்டுக்குக் குறுக்கே இன்னொரு 45ஐ விடுவதற்கு நாஷ்தான் முதலில் சரி என்றார். 'டீச் யுவர் சில்ட்ரன்' 16இல் நின்றது, 'ஒஹையோ' 14 வரை போனது.

கீழவீதி அக்கா எழுதியது:

'4 வே ஸ்ட்ரீட்' தட்டை ஊசிமுனை தம்பி ஒரே வரியில் தள்ளிவிட்டதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் மூன்று ஊரிலும் 1970 ஜூன், ஜூலையில் பதிவானது. ஜூலையில் குழு உடைந்துவிட்டது, அடுத்த ஏப்ரலில் தட்டு வருகிறது. அதாவது விவாகரத்து ஆன பிறகு வெளியான கல்யாண வீடியோ.

சுருதி விலகுகிறது, ஒருவர் முன்னே போகிறார், ஒருவர் பின்னே வருகிறார், மறுக்கவில்லை. எனக்குப் பிடித்திருப்பதே அதுதான். 'சூட்' பாட்டைக் கடைசித் துண்டு மட்டும், அதுவும் அரை நிமிடம்தான் போட்டிருக்கிறார்கள், அடுத்தவர் வந்துவிடுகிறார். ஒவ்வொருவரும் தனியாக வந்து கிடாரோடு பாடிவிட்டுப் போகிறார்கள். இரண்டாம் தட்டில் 'சதர்ன் மேன்', 'கேரி ஆன்' ஒவ்வொன்றும் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். ஸ்டில்ஸும் யங்கும் பங்காளிச் சண்டை போடுகிறார்கள், நாம் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறோம்.

டெனர் தாஸ் எழுதியது:

வந்துவிட்டேன். நேற்று விட்ட இடத்திலிருந்து.

இந்தக் குழுவின் மூன்றாவது தட்டு எது என்று கேட்டால் நான் '4 வே ஸ்ட்ரீட்' என்று சொல்ல மாட்டேன், 1977 என்றும் சொல்ல மாட்டேன். பெயர் போடாமல் நாலு துண்டாக வந்தது அது. 1970 செப்டம்பரில் யங்கின் 'ஆஃப்டர் த கோல்ட் ரஷ்'. நவம்பரில் ஸ்டில்ஸ் தன் பெயரிலேயே ஒன்று. 1971 பிப்ரவரியில் க்ராஸ்பியின் 'இஃப் ஐ குட் ஒன்லி ரிமெம்பர் மை நேம்'. மே மாதம் நாஷின் 'சாங்ஸ் ஃபார் பிகினர்ஸ்'. ஒன்பது மாதத்துக்குள் நான்கு. நான்குமே அமெரிக்கப் பட்டியலில் முதல் பதினைந்துக்குள்.

தனித்தனி என்று பெயர்தான். யங் தட்டில் ஸ்டில்ஸ் பின்குரல் பாடுகிறார். ஸ்டில்ஸ் தட்டின் பெரிய பாட்டான 'லவ் த ஒன் யூ ஆர் வித்' பாட்டில் க்ராஸ்பியும் நாஷும் சேர்ந்து பாடுகிறார்கள். அதே தட்டில் ஒரு பாட்டுக்கு ஹென்ட்ரிக்ஸ், இன்னொன்றுக்கு க்ளாப்டன் கிடார் வாசித்திருப்பது தனிக் கதை. நாஷ் தட்டில் பியானோவுக்கு 'ஜோ யாங்கி' என்று ஒரு பெயர் போட்டிருக்கும். யார் என்று பார்த்தால் நம் நீல் யங்! சேர்ந்து ஒரு தட்டுப் போட முடியாதவர்கள் ஒருவர் வீட்டு அடுப்பில் ஒருவர் விறகு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நாலில் க்ராஸ்பி தட்டை மட்டும் நான் தனியாக வைப்பேன். கிறிஸ்டீன் போன பிறகு வேறு எங்கேயும் இருக்கப் பிடிக்காமல் ஸ்டுடியோவிலேயே கிடந்து செய்தது. கடைசிப் பாட்டு 'ஐட் ஸ்வேர் தேர் வாஸ் சம்படி ஹியர்'. ஒரு நிமிடம் சொச்சம். சொல்லே கிடையாது, வாத்தியம் கிடையாது. எதிரொலி அறையில் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து வைத்திருக்கிறார். எங்கள் கொயர் மாஸ்டரிடம் ஒருமுறை போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'எந்தச் சபைக்காரர்டே இவர்?' என்று மட்டும் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால் 2010இல் வத்திக்கானின் செய்தித்தாள் பத்து நல்ல பாப் தட்டுகள் என்று ஒரு பட்டியல் போட்டபோது பீட்டில்ஸுக்கு அடுத்ததாக இந்தத் தட்டைத்தான் வைத்தது. க்ராஸ்பி என்ற மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஊசிமுனை எழுதியது:

தாஸ் அண்ணா, இப்படிப் பார்த்தால் தனித்தட்டையெல்லாம் கூட்டணிக் கணக்கில் சேர்க்கணுமே. எல்லை எங்கே? அப்புறம் யங்கின் 'ஹார்வெஸ்ட்' தட்டில்கூட மூவரும் ஆங்காங்கே பாடியிருக்கிறார்கள். அதையும் சேர்ப்பீர்களா?

டெனர் தாஸ் எழுதியது:

சேர்க்க மாட்டேன். எல்லை சொல்கிறேன்: க்ராஸ்பியும் நாஷும் எங்கே சேர்ந்து பாடினாலும், பாட்டை அவர்களே தாங்கிப் பிடித்திருந்தால், அங்கே குழு இருக்கிறது. 1972இல் இருவரும் போட்டது, 1975இன் 'விண்ட் ஆன் த வாட்டர்', இரண்டும் வேண்டும். 'விண்ட் ஆன் த வாட்டர்' கடைசியில் திமிங்கிலத்தைப் பற்றிய பாட்டுக்கு முன்னால் 'க்ரிட்டிகல் மாஸ்' என்று சொல்லில்லாத குரல் துண்டு ஒன்று வரும். அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.

மலைக்கோட்டை மணி எழுதியது:

அதாவது யங் இல்லாவிட்டாலும் குழு, ஸ்டில்ஸ் இல்லாவிட்டாலும் குழு. நல்ல குழுதான். எங்கள் தெரு நற்பணி மன்றம் மாதிரி.

மாடிவீட்டு ரிக்கார்டு எழுதியது:

மணி சார் சிரிப்பாகச் சொன்னாலும் 1976இல் அப்படித்தான் நடந்தது. ஸ்டில்ஸும் யங்கும் 'லாங் மே யூ ரன்' என்று ஒரு தட்டை ஆரம்பித்தார்கள். நடுவில் க்ராஸ்பியையும் நாஷையும் கூப்பிட்டார்கள், நால்வரும் பாடினார்கள், ஆகா மறுபடி சேர்ந்துவிட்டார்கள் என்று எல்லாருக்கும் சந்தோஷம். இருவருக்கும் சொந்தத் தட்டு ஒன்று பாதியில் நின்றதால் அதை முடிக்கப் போனார்கள். போன பிறகு இவர்கள் அந்த இரண்டு குரலையும் டேப்பிலிருந்து அழித்துவிட்டார்கள். அழித்தேவிட்டார்கள்! இனி அவர்களோடு வேலையே இல்லை என்று நாஷ் கொதித்தார்.

தெய்வம் அன்றே கொன்றது. தட்டு வெளிவருவதற்கு முன்பே ஸ்டில்ஸோடு போய்க்கொண்டிருந்த சுற்றுப்பயணத்தில் பாதி வழியில் யங் தன் பஸ்ஸை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஸ்டில்ஸுக்குத் தந்திதான் வந்தது.

அடுத்த வருடமே ஸ்டில்ஸ் மற்ற இருவரோடு மியாமியில் உட்கார்ந்து 1977 தட்டைப் போட்டார். அதையும் ஊசிமுனை தள்ளுகிறார், இதைத்தான் நான் ஏற்க மாட்டேன். 'ஷேடோ கேப்டன்', 'கதீட்ரல்', 'டார்க் ஸ்டார்', ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. 'ஜஸ்ட் எ சாங் பிஃபோர் ஐ கோ' இரண்டு நிமிடம் சொச்சம்தான், 7ஆம் இடம் வரை போனது, மூவரின் பாட்டுகளில் அதுதான் உயரம். தட்டு 2ஆம் இடத்தில் நின்றது. மேலே ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' உட்கார்ந்திருந்தால் யார்தான் ஏறுவது?

கீழவீதி அக்கா எழுதியது:

1982இன் 'டேலைட் அகெய்ன்' தட்டையும் அந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா? 'சதர்ன் க்ராஸ்' எனக்கு உயிர்.

டெனர் தாஸ் எழுதியது:

பாட்டு நல்ல பாட்டு, தங்கச்சி. ஆனால் அந்தத் தட்டு ஸ்டில்ஸும் நாஷும் இருவராக ஆரம்பித்தது. க்ராஸ்பி அப்போது போதையில் மூழ்கிக் கிடந்தார். நடுக்குரலுக்கு ஈகிள்ஸின் டிமோதி ஷ்மிட்டையும் ஆர்ட் கார்ஃபங்கலையும் வைத்துப் பாடினார்கள். கம்பெனி மூன்று பெயரும் வேண்டும் என்று நின்றதால்தான் க்ராஸ்பி கடைசியில் வந்து சேர்ந்தார். ஷ்மிட் அற்புதமான பாடகர், சுருதியில் அணு பிசகாது. அதுதான் வித்தியாசம். க்ராஸ்பி பாடினால் ஒரு சின்ன உறுத்தல் இருக்கும், இவர் பாடினால் வெண்ணெய்.

வின்னிபெக் குளிர் எழுதியது:

யாரும் தொடாத ஒன்று: 2014இல் வந்த 'சி.எஸ்.என்.ஒய். 1974'. நாற்பது பாட்டு, மூன்று குறுந்தகடு. அந்த ஸ்டேடியம் பயணத்துக்கு க்ராஸ்பியே வைத்த பெயர் அழிவுப் பயணம். பணம் தண்ணீராக ஓடியது, மேடையில் ஒருவருக்கொருவர் காது கேட்கவில்லை, திட்டமிட்ட 'ஹியூமன் ஹைவே' தட்டு கடைசிவரை வரவே இல்லை. ஆனால் நாஷும் ஜோயல் பெர்ன்ஸ்டைனும் பல ஊர்ப் பதிவுகளைக் கேட்டுப் பொறுக்கி எடுத்ததில் அந்த வராத தட்டு இதற்குள் கிடக்கிறது. யங்கின் 'புஷ்டு இட் ஓவர் தி எண்ட்' பாட்டும் இதில் இருக்கிறது. ஊசிமுனை யங் ரசிகர் என்றால் முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

1999இன் 'லுக்கிங் ஃபார்வர்டு' பற்றி ஒரே வரி: மூவரும் கைக்காசு போட்டுச் செய்துகொண்டிருந்தார்கள், யங் வந்து பார்த்துவிட்டுத் தன் பாட்டுகளைக் கொடுத்தார், அவருடையது மட்டும் நன்றாக இருந்தது. 1990, 1994 பற்றி அந்த ஒரு வரியும் வேண்டாம்.

கம்பி முறுக்கி எழுதியது:

2024 அக்டோபரில் வந்ததை விட்டுவிட்டீர்களே! 1969 செப்டம்பர் 20, நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் கச்சேரி. அந்த ஆகஸ்ட் 16 அன்று சிகாகோவில்தான் நால்வராக முதல் மேடை, இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் வுட்ஸ்டாக். அதற்குப் பிறகு ஒரே மாதத்தில் பதிவானது இது. இன்னும் சண்டை முற்றவில்லை, கிறிஸ்டீனும் உயிரோடு இருக்கிறார். ஒருவர் சொன்னதற்கு ஒருவர் சிரிக்கிறார்கள். '4 வே ஸ்ட்ரீட்' கேட்டுவிட்டு இதைப் போட்டால் கல்யாணத்துக்கு முந்தின நாள் எடுத்த படம் மாதிரி இருக்கும், அக்காவின் உவமையையே கடன் வாங்கிச் சொல்கிறேன்.

ஊசிமுனை எழுதியது:

ஒரு வாரம் ஆகிவிட்டது. சொன்னதையெல்லாம் கேட்டேன். 'ஜஸ்ட் ரோல் டேப்', உடனே 1969 தட்டு. தாஸ் அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். 'ஹெல்ப்லெஸ்லி ஹோப்பிங்' பாட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், நாஷையும் ஸ்டில்ஸையும் மட்டும்தான் இதுவரை கேட்டிருக்கிறேன் போல. நடுவில் ஒரு ஆள் நின்றுகொண்டிருக்கிறார். அவரைப் பிடித்துவிட்டால் அப்புறம் அவரைத் தவிர வேறு எதுவும் காதில் விழ மாட்டேன் என்கிறது. 2023 ஜனவரியில் அவர் இறந்த செய்தி வந்தபோது 'ஓ, பைர்ட்ஸ் ஆள்' என்று கைபேசியைத் தள்ளிவிட்டுப் போனவன் நான்.

என் பட்டியலைத் திருத்துகிறேன்: 1969, 'டேஜா வூ', 'ஒஹையோ' 45, க்ராஸ்பியின் தனித்தட்டு, 'விண்ட் ஆன் த வாட்டர்', 1977, '1974'. 'அமெரிக்கன் ட்ரீம்' விஷயத்தில் மட்டும் தீர்ப்பில் மாற்றமில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். என்னிடம் இருக்கிற 'டேஜா வூ' 1970 அச்சு என்று சொல்லித்தான் விற்றார்கள். எப்படிப் பார்ப்பது?

மாடிவீட்டு ரிக்கார்டு எழுதியது:

கண்ணை மூடிக்கொண்டு அட்டையைத் தடவிப் பாருங்கள். முதல் அச்சின் அட்டை பழைய தோல் ஆல்பம் மாதிரி சொரசொரவென்று இருக்கும், எழுத்து தங்க நிறத்தில் பதிந்திருக்கும். நாய் நிற்கிற அந்தப் பழுப்பு நிறப் படத்தைத் தனியாக அச்சடித்து மேலே ஒட்டியிருப்பார்கள். விளிம்பில் நகம் தட்டும்.

ஊசிமுனை எழுதியது:

தடவிப் பார்த்தேன். மொழுமொழுவென்று இருக்கிறது.

மலைக்கோட்டை மணி எழுதியது:

வாங்க தம்பி, வாங்க. விற்றவருக்கு முன்பல்லில் ஒன்று தங்கமா?